விழுந்தவனைத் தூக்கு, அப்புறம் சுடு!
கேம் கேள்வி–பதில்: பேட்டில்ஃபீல்டு 6 சிறப்புப் பகுதி

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேமைப் பற்றித்தான். 2025 அக்டோபர் 10ஆம் தேதி வெளியான, ஆன்லைனில் அணியாகச் சேர்ந்து ஆடும் போர்க்களத் துப்பாக்கி கேம் பேட்டில்ஃபீல்டு 6. தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் கடைக்கே வந்து கேட்டவர்கள் தனிக் கணக்கு. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: காளவாசலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் சிம்மக்கல்லில் ப்ரௌசிங் சென்டர் நடத்திய காலத்தில், கல்லாவில் உட்கார்ந்தபடியே கவுன்டர் ஸ்ட்ரைக் பழகியவள். இந்தக் கேமை ஆடிப் பார்த்தது கடை மூடிய பிறகு, டெஸ்டிங்குக்கு வைத்திருக்கும் மெஷினில். ரைசன் 5, ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ராம். காசு கொடுத்து வாங்கியதுதான், யாரும் ஓசியில் தரவில்லை. வெளியான சூட்டோடு, 2025 அக்டோபரில் எழுதுகிறேன். அடுத்தடுத்த அப்டேட்டில் சில விஷயங்கள் மாறலாம்.

அக்கா, முந்தைய பாகமான பேட்டில்ஃபீல்டு 2042 வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். இது எப்படி? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், திருப்பாலை

நன்றாக இருக்கிறது, வாங்கலாம். சுற்றி வளைக்கவில்லை, போதுமா? சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2021 நவம்பரில் வந்த 2042ல் ஒரு மேட்சுக்கு 128 பேர். கேட்பதற்குப் பிரமாதம். ஆடும்போது பாதி நேரம் வெட்டவெளியில் ஓடுவதிலேயே போய்விடும். அதோடு, யார் மருந்து கொடுப்பது, யார் டாங்கியை உடைப்பது என்று இருந்த வேலைப் பிரிவினையைத் தூக்கிவிட்டு, ஸ்பெஷலிஸ்ட் என்று பெயரும் முகமும் கொடுத்த ஆட்களை இறக்கினார்கள். எதிரணியிலும் அதே முகம், நம் அணியிலும் அதே முகம். யாரைச் சுடுவது என்றே புரியாது. வெளியானபோது வாய்ஸ் சாட்கூட இல்லை.

இந்த முறை அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். பெரிய மேட்ச் என்றால் 64 பேர், பக்கத்துக்கு 32. அசால்ட் (முன்னால் பாய்பவர்), இன்ஜினியர் (டாங்கி வேலை), சப்போர்ட் (மருந்து, தோட்டா), ரீகான் (வேவு, ஸ்னைப்பர்) என்று பழைய நான்கு வகுப்புகளும் திரும்பிவிட்டன. டைஸ், கிரைட்டீரியன், மோட்டிவ், ரிப்பிள் எஃபெக்ட் என நான்கு ஸ்டுடியோக்கள் சேர்ந்து செய்திருக்கின்றன. 2011ல் வந்த மூன்றாம் பாகத்தையும் 2013ல் வந்த நான்காம் பாகத்தையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதலில் என்னைப் பிடித்தது சத்தம். கெய்ரோ மேப்பில் ஒரு வீட்டின் முதல் மாடி ஜன்னலோரம் பதுங்கியிருந்தேன். டாங்கி இன்னும் கண்ணில் படவில்லை. அதன் சங்கிலி கல்தரையை அரைக்கும் சத்தம் மட்டும் ஹெட்போனின் இடது பக்கத்திலிருந்து பைய நடுவுக்கு வருகிறது. சரி, தெருமுனையில் திரும்பிவிட்டான் என்று தெரிகிறது. எழுந்து ஓடலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு குண்டு. ஜன்னல் போச்சு. ஜன்னல் இருந்த சுவரும் போச்சு. தெருவில் நின்ற நாலு பேரும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம். அவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகச் சுதாரித்துவிட்டார்கள்.

இப்படி இடிவது வெறும் காட்சிக்காக இல்லை. மேட்ச் தொடங்கும்போது இருந்த மறைவு பத்து நிமிடத்தில் இருக்காது. எதிரி உடைத்த சுவர் உங்களுக்கும் புது வழி. டாங்கிதான் வேண்டும் என்றுகூட இல்லை, கையில் சம்மட்டி கொடுத்திருக்கிறார்கள், நீங்களே உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

குறை? துப்பாக்கிக்கான துணைப் பாகங்களைத் திறக்க ரொம்ப நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 100 புள்ளி என்று வரம்பு வைத்து, அதற்குள் ஸ்கோப், குழல், பிடி என்று பொருத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பொருத்துவதற்குப் பாகம் கைக்கு வந்தால்தானே? ஹாஸ்டலில் இருக்கும் உங்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. கடையைப் பூட்டிவிட்டு, மாவு கரைத்து வைத்துவிட்டு வந்து உட்காருகிற எனக்கு அது பெரிய விஷயம்.

சுடுவதில் நான் கில்லி. ஒரு மேட்சுக்கு முப்பது பேராவது சாய்ப்பேன். இருந்தாலும் எங்கள் அணி தோற்கிறது. பட்டியலில் எனக்கு மேலே, பத்துப் பேரைக்கூடச் சுடாதவன் நிற்கிறான். கேமில் கோளாறா?
– வாசகர், மேலூர்

கோளாறு இல்லை. மேலூர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. வாடிவாசலில் பாய்ந்து திமிலைப் பிடித்துத் தொங்குவது தனி ஆள் வீரம். நீங்கள் அதை ஆடுகிறீர்கள். இந்தக் கேமோ, கயிற்றில் கட்டிய மாட்டை அணியாக அடக்கும் வடமாடு. ஒன்பது பேர் களத்தில் இறங்கி, ஒருவன் முன்னால் போக்குக் காட்ட, இன்னொருவன் பக்கவாட்டில் பாய, ஆளுக்கொரு வேலை பார்த்தால்தான் மாடு அடங்கும். எட்டுப் பேர் வேடிக்கை பார்த்தால் அந்த ஒருவன் எப்பேர்ப்பட்ட வீரனாக இருந்தும் பரிசு மாட்டுக்காரருக்குத்தான்.

கணக்கைப் பாருங்கள். கொடி நட்ட இடங்களைப் பிடிக்கும் கான்க்வெஸ்ட் முறையில் இரண்டு அணிக்கும் இத்தனை டிக்கெட் என்று கொடுத்துத் தொடங்குகிறார்கள். ஒருவன் செத்து மறுபடி பிறந்து வந்தால் ஒரு டிக்கெட் காலி. பாதிக்கு மேல் கொடிகளை எதிரி வைத்திருந்தால் அது தானாகவும் கரையும். விழுந்தவனை விழுந்த இடத்திலேயே எழுப்பிவிட்டால் அந்த டிக்கெட் மிச்சம். நீங்கள் சுட்ட முப்பது பேரில் இருபது பேரை அவர்கள் ஆள் எழுப்பிவிட்டால் உங்கள் கணக்கில் நிற்பது பத்துதான். பட்டியலில் மேலே நிற்பவன் அந்த எழுப்புகிற வேலையைப் பார்த்திருப்பான். கொடிக்குள் நின்றிருப்பான், குண்டு கொடுத்திருப்பான், டாங்கியைப் பழுது பார்த்திருப்பான். எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு.

இந்தப் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே இதில்தான் வருகிறது. விழுந்தவனை இழுத்துக்கொண்டே எழுப்பலாம். ப்ரூக்ளின் தெருவில் நடக்கும் எம்பயர் ஸ்டேட் மேப்பில் எங்கள் ஸ்குவாட் (அணிக்குள் நாலு பேர் கொண்ட குழு) ஆள் ஒருவர் சாலை நடுவில் விழுந்துவிட்டார். எதிரே மாடியில் ஒரு ஸ்னைப்பர், அவன் ஸ்கோப் மினுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. முன்பெல்லாம் இந்த இடத்தில் போய்க் குனிந்தால் நாமும் சேர்ந்து படுக்க வேண்டியதுதான். இப்போது? முதலில் புகைக்குண்டு ஒன்று. புகை நன்றாக எழும்பும்வரை காத்திருந்து, குனிந்து ஓடி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போது திரையில் நம் கை தெரிகிறது, அவர் கால் தரையில் தேய்கிறது, சுற்றிலும் தோட்டா விழுந்து தூசி கிளம்புகிறது. நின்றிருந்த ஒரு காருக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர் எழுந்தார். எழுந்தவர் செய்த முதல் வேலை என் காலடியில் குண்டுப் பையைப் போட்டது. எந்த நாட்டுக்காரரோ, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மேட்ச் முடியும்வரை நாங்கள் இருவரும் ஒன்றாகவே சுற்றினோம்.

அதனால் ஒரு வாரத்துக்கு சப்போர்ட் எடுத்து ஆடுங்கள். தன் ஸ்குவாட் ஆளை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம், ஆனால் அணியில் யாரையும் எழுப்புகிற உரிமை சப்போர்ட்டுக்குத்தான். அதுவும் வேகமாக. அவர் போடும் ஒரே பையில் மருந்தும் கிடைக்கும், தோட்டாவும் கிடைக்கும். இலகு ரக மெஷின் கன் அவருக்கான ஆயுதம். பிடிக்காவிட்டால், எந்த வகுப்புக்காரரும் எந்தத் துப்பாக்கியையும் எடுக்கலாம் என்று இப்போது அனுமதித்திருக்கிறார்கள். வகுப்புக்கு இன்ன துப்பாக்கிதான் என்ற பழைய ஒழுங்கு வேண்டுபவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. நான் பழைய ஒழுங்குக் கட்சி. தூரத்தில் வருகிறவன் கையில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிவதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. நான்கு பேரும் ஆளுக்கொரு மலை உச்சியில் ஸ்னைப்பரோடு படுத்துக்கொண்டு, கீழே கொடி பறிபோவதை வேடிக்கை பார்க்கிற ஸ்குவாட்டில் மாட்டினால் பேசாமல் வேறு ஸ்குவாட்டுக்கு மாறிவிடுங்கள். அவர்களோடு லந்து பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 8 ஜிபி ராம். ராம் மட்டும் கூட்டினால் ஓடுமா?
– ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், உசிலம்பட்டி

ஓடாது. ராம் வாங்கி அந்தக் காசையும் விடாதீர்கள்.

குறைந்தபட்சம் என்று நிறுவனமே சொல்வது: எட்டாம் தலைமுறை ஐ5 8400 அல்லது ரைசன் 5 2600, ஆர்டிஎக்ஸ் 2060, 16 ஜிபி ராம், 55 ஜிபி இடம். அதுவும் எல்லா செட்டிங்கையும் லோவில் வைத்து, 1080 திரையில், வினாடிக்கு 30 ஃப்ரேம் என்ற கணக்கு. இந்த மாதிரி கேமை 30 ஃப்ரேமில் ஆடினால் எதிரி வந்து போன பிறகுதான் நமக்குப் படம் வரும். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 10ஆம் தலைமுறை ஐ7 இருந்தால் நிம்மதி என்கிறார்கள். என் 3060ல் 1080 திரைக்கு நடுத்தர செட்டிங், ஃப்ரேம் வேகத்தைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதி போட்டு ஆடுகிறேன். பெரிய சண்டையிலும் 60க்குக் கீழே இறங்கவில்லை. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் காட்டும் ரே ட்ரேசிங் வேண்டாம் என்று முடிவெடுத்து, அந்த உழைப்பை வேகத்தில் போட்டிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

உங்கள் மதர்போர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங் இரண்டும் இயங்கினால்தான் கேம் திறக்கும். நான்காம் தலைமுறை போர்டில் டிபிஎம் 2.0 எதிர்பார்க்க முடியாது. ஆக, கார்டை மட்டும் மாற்றினாலும் தீராது; போர்டு, பிராசசர், ராம், கார்டு எல்லாமே மாற்ற வேண்டும். ஸ்டூடியோ வேலைக்கும் அது உதவும் என்றால் யோசியுங்கள். கேமுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பார்க்கப் போனால், பவர் ஆன் ஆகிறது என்று காட்டுவதை நம்பாதீர்கள். அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தத்தையும் திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்பதையும் பாருங்கள். மாட்டேன் என்று சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

புது சிஸ்டம்தான், ஆனாலும் செக்யூர் பூட்டை ஆன் செய்யச் சொல்லி கேம் வெளியே தள்ளுகிறது. பயாஸுக்குள் போகப் பயமாக இருக்கிறது.
– வாசகர், வாடிப்பட்டி

இந்த மாதம் கடைக்கு வந்த கேமர்களில் ஏறக்குறைய எல்லாரும் இதற்காகத்தான் வந்தார்கள். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க ஜாவ்லின் என்ற காவல் மென்பொருளை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் நடந்த திறந்த சோதனையின் முதல் இரண்டு நாளிலேயே 3,30,000 ஏமாற்று முயற்சிகளை அது தடுத்ததாகச் சொன்னார்கள். விண்டோஸ் எழும்பும்போதே யாரும் திருட்டுத்தனமாக எதையும் நுழைக்கவில்லை என்று உறுதி செய்யத்தான் இந்த செக்யூர் பூட்.

பயாஸ் என்பது விண்டோஸ் எழும்பும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரை. அங்கே போகும் முன் இரண்டைப் பாருங்கள். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பயாஸ் மோட் என்ற இடத்தில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பயாஸுக்குள் போய், பழைய முறைக்காக வைத்திருக்கும் சிஎஸ்எம் என்பதை நிறுத்திவிட்டு செக்யூர் பூட்டை இயக்கினால் போதும். அங்கே லெகசி என்று இருந்தால் உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் புது முறையான ஜிபிடிக்கு மாற்றாமல் சிஎஸ்எம்மை நிறுத்தினால் விண்டோஸ் எழும்பாது. மாற்றுவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்டுஜிபிடி என்ற கருவி இருக்கிறது, டேட்டா அழியாது. ஆனாலும் குழந்தை ஃபோட்டோ, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடையில் நான் அப்படிச் செய்யாமல் தொடுவதே இல்லை.

இரண்டாவது, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். அது ஆன் ஆகியிருந்தால், பயாஸில் மாற்றம் செய்தபின் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வந்து நின்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு எந்தக் கடைக்காரரும் செய்ய முடியாது.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. தீபாவளிக்கு இந்தக் கேம் கேட்டான். ஆன்லைன் விளையாட்டைத்தான் அரசு தடை செய்துவிட்டதே என்று சொல்லிப் பொங்கலுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். உண்மையில் தடை உண்டா?
– பெயர் வேண்டாம் என்ற தந்தை, ஊமச்சிகுளம்

இல்லை சார், அந்தத் தடை இதற்கு இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு கட்டி, காசு ஜெயிக்கிற விளையாட்டுகளைத்தான் தடுக்கிறது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்று நம் மாநிலம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதியும் பண விளையாட்டுக்குத்தான். இது ஒரு முறை விலை கொடுத்து வாங்கி ஆடுவது. பையன்கள் இதையெல்லாம் படித்துத் தெரிந்துவைத்திருப்பார்கள், அவனிடம் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது ரொம்ப நாள் செல்லாது.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன்: ஒன்பதாம் வகுப்புக்கு இது வேண்டாம். அமெரிக்கத் தரச்சான்றில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கிறார்கள். ரத்தமும் உண்டு, கெட்ட வார்த்தையும் உண்டு. அதைவிட எனக்குக் கவலை, வாய்ஸ் சாட்டில் முகம் தெரியாத பெரியவர்களோடு பேச்சு. அடுத்தது, ஒரு மேட்சே அரை மணி நேரத்தை விழுங்கும், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ, இதோ' என்பான். பொய் சொல்லவில்லை, அவனால் எழ முடியாது.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் இருக்கும் வீடுகளில் வாங்கினால் கார்டு விவரத்தை அந்தக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். கேமின் விலையோடு முடியாது, வேஷம், வண்ணம், பேட்டில் பாஸ் என்று உள்ளே கடை விரித்திருக்கிறார்கள். ஜெயிப்பதற்கு அது எதுவும் தேவையில்லை.

போனில் ஆடலாமா? என் தம்பியிடம் பிஎஸ்4 இருக்கிறது, அதில்?
– வாசகர், செல்லூர்

இரண்டிலும் முடியாது. பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மட்டும்தான். இந்தத் தொடருக்கு மொபைல் பதிப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது, 2023 ஜனவரியில் கைவிட்டுவிட்டார்கள். பிஎஸ்5 வாங்கினால் கேம் விலையோடு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஸ்குவாட்டில் மைக் ஆன் செய்து பெண் குரல் கேட்டதும் பேச்சே மாறிவிடுகிறது. மைக் இல்லாமல் இந்தக் கேமில் டீமோடு ஆட முடியுமா?
– கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்

தாராளமாக முடியும். நான் முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது மைக்கைத் தொடுவதே இல்லை. ப்ரௌசிங் சென்டர் காலத்தில் பக்கத்து சிஸ்டத்துப் பையன்களை ஒரு முறை முறைத்தால் அடங்கிவிடுவார்கள், இங்கே அந்த வசதி இல்லை.

பிங் என்ற ஒரே பட்டனில் பாதிப் பேச்சு முடிந்துவிடும். எதிரியைப் பார்த்து அழுத்தினால் ஸ்குவாட்டில் எல்லாருக்கும் குறி தெரியும். கொடியைப் பார்த்து அழுத்தினால் அங்கே போவோம் என்று பொருள். அழுத்திப் பிடித்தால் மருந்து வேண்டும், தோட்டா வேண்டும் என்று கேட்கலாம். செட்டிங்கில் வாய்ஸ் சாட்டை மொத்தமாக நிறுத்தவும் வழி இருக்கிறது. ஒருவன் மட்டும் தொல்லை என்றால் அவனை மட்டும் மியூட் செய்யலாம். எல்லை மீறினால் புகார் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தெரிந்த தோழிகள் நாலு பேர் சேர்ந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. ஸ்குவாட்டே நாலு பேர்தான், வெளி ஆளுக்கு இடமே இருக்காது. கடைக்கு வரும் நர்சிங் மாணவிகள் சிலர் அப்படித்தான் ஆடுகிறார்கள். நாலு பேருமே சப்போர்ட் எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கிராமத்தில் இருக்கிறேன். நெட் வேகம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் நான் முதலில் சுட்டும் நான்தான் சாகிறேன்.
– வாசகர், திருமங்கலம் அருகே

வேகம் வேறு, பிங் வேறு (மேலே சொன்ன பிங் பட்டன் இல்லை இது). படம் இறக்கத்தான் வேகம் வேண்டும். கேம் ஆடுவதற்கு, உங்கள் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் குறைவாகவும் சீராகவும் இருக்க வேண்டும். திரையில் மில்லி செகண்டில் காட்டும். 50, 60 என்று நிலையாக இருந்தால் கவலையே இல்லை. 40க்கும் 200க்கும் அங்கிட்டும் இங்கிட்டும் குதித்தால், நீங்கள் பார்ப்பது எதிரி கொஞ்சம் முன்பு நின்ற இடத்தை.

வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள். கெட்டிச் சுவர் வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால் அதுவே பாதி வியாதியைத் தீர்க்கும். நீங்கள் ஆடும் நேரத்தில் வீட்டு டிவியில் யூடியூப் ஓடக்கூடாது என்று ஒப்பந்தம் போடுங்கள், முடிந்தால். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் ரவுட்டர் மறுபடி எழும்ப மூன்று நிமிடம், அதற்குள் மேட்சிலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

மேப்கள் எப்படி? எதில் தொடங்குவது?
– வாசகர், சிவகங்கை

வெளியானபோது மொத்தம் ஒன்பது. கெய்ரோவில் இரண்டு, நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இரண்டு, ஜிப்ரால்டரில் இரண்டு, தஜிகிஸ்தான் மலையில் இரண்டு, மூன்றாம் பாகத்திலிருந்து மெருகேற்றித் திரும்பக் கொண்டுவந்த ஆபரேஷன் ஃபயர்ஸ்டார்ம் ஒன்று.

என் மனக்குறை இதில்தான். பேட்டில்ஃபீல்டு என்றால் டாங்கி, ஹெலிகாப்டர், காலாட்படை மூன்றும் மூச்சுவிட இடம் வேண்டும். மிராக் வேலி, ஃபயர்ஸ்டார்ம் இரண்டிலும் அந்த இடம் இருக்கிறது. தெருச் சண்டை மேப்கள் பலவற்றில் எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்துகொண்டே இருக்கிறான். ஒரு மூலையைப் பார்த்தால் இன்னொரு மூலையிலிருந்து சுடுகிறான். கொஞ்ச நேரத்துக்கு ஜாலி, தொடர்ந்து ஆடினால் தலைவலி. இன்னும் இரண்டு பெரிய மேப் தந்திருக்கலாம். அக்டோபர் 28ல் தொடங்கும் முதல் சீசனில் பிளாக்வெல் ஃபீல்ட்ஸ் என்று புது மேப் வருகிறது, பார்ப்போம்.

தொடங்குவதற்கு பிரேக்த்ரூ முறை நல்லது. ஓர் அணி தாக்கும், ஓர் அணி தடுக்கும், சண்டை எந்தப் பக்கம் என்ற குழப்பமே இல்லை. இதில் பழகிவிட்டுக் கான்க்வெஸ்டுக்குப் போங்கள். எஸ்கலேஷன் என்ற புது முறையில் போகப்போகக் கொடிகளின் எண்ணிக்கை குறைந்து, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது.

மல்டிபிளேயர் பழக்கமில்லை. கதைக்காக மட்டும் வாங்கலாமா?
– வாசகி, பழங்காநத்தம்

வேண்டாம். நேட்டோவுக்கும் பாக்ஸ் அர்மாட்டா என்ற தனியார் படைக்கும் சண்டை. காட்சிகள் பெரிசு, கதை சிறிசு. தள்ளுபடியில் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 14ல் கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7 வருகிறது. பொறுத்திருந்து அதை வாங்கவா, இதையே வாங்கவா? கையில் ஒன்றுக்குத்தான் காசு.
– வாசகர், அனுப்பானடி

வேடிக்கை என்னவென்றால், கால் ஆஃப் டியூட்டியை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ஸ் ஸாம்பெல்லாதான் இந்தக் கேம் வெளியானபோது பேட்டில்ஃபீல்டு தொடருக்குத் தலைமை வகித்தார். போட்டி அந்த அளவுக்கு வீட்டுச் சண்டை.

வராத கேமைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரவு அரை மணி நேரம் உட்கார்ந்து, தனியாக, வேகமாக நாலு பேரைச் சுட்டுவிட்டு எழுந்து போகிறவரா நீங்கள்? பொறுத்திருங்கள். வாரக்கடைசியில் நண்பர்களோடு சேர்ந்து, ஒருவன் டாங்கி ஓட்ட, ஒருவன் அதைப் பழுது பார்க்க, ஒருவன் கத்த, இப்படி ஆட ஆசையா? இதை வாங்குங்கள். கூட்டம் இப்போது இங்கே இருக்கிறது. முதல் மூன்று நாளில் 70 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஆடியிருக்கிறார்கள்.

ஸ்டீமில் வாங்கினால் ஒரு வசதி: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கியதும் செட்டிங்கில் மணிக்கணக்காக உட்காராமல் நேராக ஒரு மேட்சுக்குள் போங்கள்.

ஹெலிகாப்டர் எடுத்தால் எதிரி சுடுவதற்கு முன்பே நானே மரத்தில் மோதிச் சாகிறேன். இதற்கு ஏதாவது வழி?
– மினி பஸ் ஓட்டுநர், அலங்காநல்லூர்

நாமே மேட்ச் அமைத்துக்கொள்ளும் போர்ட்டல் பகுதியில், கம்ப்யூட்டரே ஆட்டும் பாட்களை மட்டும் வைத்துத் தனி மேட்ச் உருவாக்கி அதில் பழகுங்கள். மூக்கைக் கீழே இறக்கினால்தான் முன்னால் போகும், ஆனால் இறக்கிய அளவுக்கு உயரமும் குறையும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பதுதான் முழு வித்தையும். முதலில் துப்பாக்கிக்காரராகப் பின்னால் உட்கார்ந்து, நன்றாக ஓட்டுகிறவர் எப்படித் திருப்புகிறார் என்று பாருங்கள்.

பழகும்வரை மேட்சில் ஓட்டியே தீருவேன் என்றால், ஏறி உட்கார்ந்திருப்பவர்களிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாரிடமும் பாராசூட் இருக்கிறது.